மாவு அரைக்காத காற்றாலைகள்

வணக்கம்.

நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரில் படித்த நாட்களைப் பற்றிய கட்டுரையில், காற்றாலைகளுக்குப் பெயர்போன கிண்டர்டைக் கிராமத்தில் கழித்த ஒரு நாள் ஒரு பருவப் பாடத்துக்குச் சமம் என்று ஒரே வரியில் தாண்டிப் போய்விட்டீர்கள். என் மகள் அடுத்த மாதம் கல்லூரிப் பயணமாக அங்கே போகிறாள். காற்றாலையில் மாவு அரைப்பதைப் பார்ப்பதில் படிப்பு என்ன இருக்கிறது? சுற்றுலாதானே?

எஸ்., கும்பகோணம்

அன்புள்ள எஸ்.,

சுற்றுலாதான். காலையில் நாங்கள் போய் இறங்கியபோதே நான்கு பஸ்கள் நின்றிருந்தன. மழையும் வந்துவிட்டது. கைப்பிடி உடைந்த குடையோடு நானும் எல்லோரையும் போலப் படம் எடுத்துக்கொண்டுதான் இருந்தேன்.

ஆனால் அந்தக் காற்றாலைகள் மாவு அரைப்பவை அல்ல. நம் ஊர்ச் சொல்லில் அவை ஏற்றங்கள்; மாட்டுக்கும் மனிதருக்கும் பதில் காற்று இறைக்கிறது. அங்கே மொத்தம் 19 இருக்கின்றன. அவற்றில் 1738-இல் கட்டிய எட்டு செங்கல் ஆலைகள் ஒரு வரிசை. 1740-இல் கட்டிய, நாணல் வேய்ந்த எட்டு ஆலைகள் எதிர் வரிசை. எதற்கு இரண்டு வரிசை என்றால், இரண்டு நீர் வாரியங்கள். அவரவர் தண்ணீரை அவரவர் இறைத்துக்கொண்டார்கள். வயலின் தண்ணீர் முதலில் தாழ்ந்த தேக்கத்துக்கு வரும். இந்த ஆலைகள் அதை உயர்ந்த தேக்கத்துக்கு ஏற்றும். லெக் ஆறு தாழும் நேரம் பார்த்து மதகைத் திறந்து ஆற்றில் விடுவார்கள். இன்று அந்த வேலையைப் பம்புகள் செய்கின்றன. இரண்டாம் உலகப் போரில் எரிபொருள் கிடைக்காதபோது ஆலைகளே மறுபடி இறைத்திருக்கின்றன.

தஞ்சைப் பக்கத்தில் வளர்ந்தவனுக்கு மடை என்றால் வயலுக்குத் தண்ணீர் வரும் வழி. அங்கே ஊர் முழுவதும் வடிகால். தண்ணீர் வரவில்லை என்று சண்டை போட்டுப் பழகிய எனக்கு, தண்ணீர் போகவில்லை என்று வாரியம் அமைத்து, வரி கட்டி, தேர்தல் நடத்துகிறவர்களைப் புரிந்துகொள்ளவே மதியம் ஆகிவிட்டது. அந்த வாரியங்களின் வரலாறு 13-ஆம் நூற்றாண்டு வரை போகிறது.

நான் சொன்ன படிப்பு மதியத்துக்கு மேல்தான். ஆலைகளை விட்டுவிட்டுப் பேராசிரியர் எங்களைப் பக்கத்துக் கிராமத்துக்கு நடத்திச் சென்றார். ஒரு பழைய வீட்டின் முன் நிறுத்தி, வாசற்படிகளை எண்ணச் சொன்னார். நான்கு. மேலே இருந்த இரண்டு பழங்கல். கீழே இருந்த இரண்டு புது சிமெண்ட். வீடு உயர்ந்ததா என்று கேட்டார். வீடு ஆழத்தில் ஊன்றிய கம்பங்கள் மேல் நிற்கிறது, அசையவில்லை. சுற்றியிருக்கும் நிலம்தான் இறங்கியிருக்கிறது. அது மண் என்பதைவிட, மட்கியும் மட்காமலும் கிடக்கும் செடிகொடிகளின் குவியல். தண்ணீரில் ஊறிக் கிடக்கும்வரை கெடாது. வடித்துவிட்டால் காற்றுப் பட்டுக் கரைந்து, சுருங்கி, தாழ்கிறது. தாழ்ந்தால் மறுபடி வயலில் தண்ணீர் நிற்கும், இன்னும் ஆழமாக வடிக்க வேண்டும், இன்னும் தாழும். எந்த ஆலையைக் காலையில் வியந்தேனோ, அதுதான் நிலத்தைக் கீழே இறக்கிக்கொண்டிருந்தது.

இதில் ஊருக்குள்ளேயே வழக்கும் உண்டு. மாடு மேய்ப்பவர்களுக்கு வாய்க்கால் நீர்மட்டம் தாழ்வாக இருக்க வேண்டும், இல்லையென்றால் புல்வெளி சேறாகும். மரக்கம்பத்தின் மேல் வீடு கட்டியவர்களுக்கோ மட்டம் உயரமாக இருக்க வேண்டும். கம்பத்தின் தலை தண்ணீருக்கு வெளியே வந்தால் உளுத்துவிடும். எத்தனை சென்டிமீட்டர் என்பதை வாரியம் முடிவு செய்கிறது. நான் பார்த்த அரசியலில் இவ்வளவு சிறிய அளவுகோலில் நடப்பது வேறு இல்லை.

உங்கள் மகளிடம் நனைந்தால் பரவாயில்லை என்கிற காலணியை எடுத்துப் போகச் சொல்லுங்கள். வாய்க்கால் ஓரத்தில் நட்டிருக்கும் அளவுப் பலகையையும் பார்க்கச் சொல்லுங்கள். அன்று மாலை அதைப் படித்து எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது. அந்த எண்கள் ஆம்ஸ்டர்டாம் நீர்மட்டத்தை, அதாவது ஏறக்குறைய கடல்மட்டத்தை, பூஜ்யமாக வைத்துக் கணக்கிட்டவை. பலகையில் இருந்ததை அப்படியே எழுதிக் கொடுத்துவிட்டேன். திரும்பி வந்த தாளில் வேறு திருத்தம் ஏதும் இல்லை; எண்ணுக்கு முன்னால் மட்டும் சிவப்பு மையில் ஒரு கழித்தல் குறி.