காபியா, காடா? ஏற்காட்டில் லேசர் சொல்வது

கேள்வி: ஏற்காடு மலையின் நிலப்போர்வையை (எங்கே காடு, எங்கே தோட்டம் என்பதை) வகைப்படுத்துவது எங்கள் புராஜெக்ட். சென்டினல்-2 செயற்கைக்கோள் படத்தில் காபி எஸ்டேட்டும் காடும் ஒரே பச்சையாகத் தெரிகின்றன. ஜெடை லேசர் தரவை வைத்துப் பிரிக்க முடியுமா? (கல்லூரி மாணவி, சேலம்)

பிரிக்கலாம். ஆனால் லேசரை மட்டும் வைத்து வரைபடம் போட முடியாது. ஜெடை (GEDI) படம் எடுக்கும் கருவி அல்ல; லேசர் ஒளியைத் தரைக்கு அனுப்பி, திரும்பி வரும் எதிரொலியிலிருந்து மரங்களின் உயரத்தையும் அடுக்கையும் அளக்கும் கருவி. 2018 டிசம்பரில் சர்வதேச விண்வெளி நிலையத்துக்குப் போன அது, தரையில் 25 மீட்டர் அகல வட்டங்களை 60 மீட்டருக்கு ஒன்றாகத் தொட்டுக்கொண்டே போகிறது. அடுத்த வரிசை 600 மீட்டர் தள்ளி. நடுவில் கிடக்கும் எஸ்டேட்டைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. அதனால் லேசர் புள்ளிகளை மாதிரிகளாக வைத்துக்கொண்டு, சென்டினல் படத்தை வகைபிரிக்கும் கணினி நிரலுக்குப் பாடம் சொல்லிக்கொடுங்கள். வரைபடத்தை நிரப்புவது படத்தின் வேலை.

எதை வைத்துப் பிரிப்பது? மரத்தின் உயரம் பெரிதாக உதவாது. எஸ்டேட்டில் நிழலுக்கு வைக்கும் சில்வர் ஓக்கும் நல்ல உயரம், காட்டு மரமும் உயரம். வித்தியாசம் நடுவில் இருக்கிறது. எஸ்டேட்டில் மேலே நிழல் மரம், கீழே கவாத்து செய்த காபிச் செடி, இடையில் பெரும்பாலும் வெறும் தண்டும் மிளகுக் கொடியும்தான். சோலைக்காட்டில் தரையிலிருந்து உச்சிவரை இலை அடுக்கு விட்டுப்போகாது. லேசர் எதிரொலியில் இந்த இடைவெளி தெரியும். எனவே ஆர்எச்98 என்ற உச்சி உயரத்தோடு நிறுத்தாமல் ஆர்எச்25, ஆர்எச்50, ஆர்எச்75 (எதிரொலியில் 25, 50, 75 சதவீதம் எந்த உயரத்துக்குள் அடங்குகிறது என்ற அளவுகள்) எல்லாவற்றையும் எடுங்கள். ஜெடையின் எல்2பி என்ற தரவுத் தொகுப்பில் இலைப்பரப்பு உயரவாரியாகவே கிடைக்கிறது, அதையும் சேருங்கள். காபிச் செடியையே நேராகப் பார்த்துவிடலாம் என்று மட்டும் எண்ணாதீர்கள். ஒன்றரை, இரண்டு மீட்டர் செடியின் எதிரொலி தரையின் எதிரொலியோடு கலந்துவிடும்.

பெரிய வில்லங்கம் சரிவுதான். 25 மீட்டர் வட்டம் 30 பாகை சரிவில் விழுந்தால், வட்டத்தின் மேல் விளிம்புக்கும் கீழ் விளிம்புக்கும் 14 மீட்டர் வித்தியாசம். வெறும் பாறையே 14 மீட்டர் மரம் போல வந்து நிற்கும்! கொண்டை ஊசி வளைவுகள் உள்ள மலைச்சரிவெல்லாம் இப்படித்தான் ஏமாற்றும். கோப்பர்நிக்கஸ் 30 மீட்டர் உயர மாதிரியிலிருந்து (தரையின் உயரத்தை 30 மீட்டர் கட்டங்களாகத் தரும் தரவு) சரிவைக் கணக்கிட்டு, 20 பாகைக்கு மேல் உள்ள புள்ளிகளை முதலில் ஒதுக்கிவிடுங்கள். அந்த 20 பாகையிலேயே 9 மீட்டர் பிழை வரும். நல்லவேளை, எஸ்டேட்டுகள் நிறைய மேலே, சரிவு குறைந்த பீடபூமியில்தான் இருக்கின்றன. ஜெடை தரவில் ஒவ்வொரு புள்ளியோடும் வரும் தரக்குறி 1, உணர்திறன் (அடர்ந்த இலைகளுக்குக் கீழும் தரையைக் கண்டுபிடிக்கும் திறன்) 0.95க்கு மேல் என்ற வடிகட்டியையும் போடுங்கள். மூடுபனியில் எடுத்த புள்ளிகள் பெரும்பாலும் அதிலேயே கழிந்துவிடும்.

அடிவாரக் காட்டுக்கு வேறு வழி இருக்கிறது. அது இலையுதிர் காடு. மாசி, பங்குனியில் மொட்டையாக நிற்கும்போது சில்வர் ஓக்கும் காபியும் பச்சையாகவே இருக்கும். கோடைப் படம் ஒன்றும் மழைக்குப் பிந்தைய படம் ஒன்றும் எடுத்தால் பாதி வேலை லேசர் இல்லாமலே முடிந்துவிடும். மேக்னசைட் சுரங்கத்துக்கும் லேசர் வேண்டாம், அது படத்திலேயே வெள்ளை வெளேரென்று தெரியும்.

மாணவர்கள் வழக்கமாகச் சறுக்கும் இடம் சோதனை. புள்ளிகளைக் குலுக்கிப்போட்டு பயிற்சிக்கு 70, சோதனைக்கு 30 சதவீதம் என்று பிரித்தால், பயிற்சிப் புள்ளிக்கு 60 மீட்டர் பக்கத்தில், அதே எஸ்டேட்டில், சோதனைப் புள்ளி உட்கார்ந்திருக்கும். துல்லியம் அமோகமாக வரும், வரைபடம் சொதப்பும். மலையைக் கட்டங்களாகப் பிரித்து, சில கட்டங்களை முழுவதுமாகச் சோதனைக்கு ஒதுக்குங்கள்.

அப்புறம், ஒரு நாள் பஸ் ஏறி மேலே போய் வாருங்கள். எது காபி, எது காடு என்று புள்ளிகளுக்குப் பெயர் வைக்க நேரில் பார்ப்பதுதான் நல்லது. ஜெடை புள்ளியின் இடம் 10 மீட்டர் அளவுக்கு நகர்ந்திருக்கலாம். அதனால் எஸ்டேட் வேலி ஓரத்துப் புள்ளிகளை விட்டுவிட்டு, சுற்றிலும் ஒரே வகையாக இருக்கும் இடத்தின் நடுவில் விழுந்தவற்றையே தேர்ந்தெடுங்கள். எஸ்டேட்டுக்குள் நுழையும் முன் மேஸ்திரியிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.