ஓய்வு பெறும் சீனியரின் அலுவலகத்தை விலைக்கு வாங்கலாமா?

கேள்வி: எனக்கு 34 வயது. பெருநகரத்தில் ஒரு சட்ட நிறுவனத்தில் 8 ஆண்டுகளாகச் சம்பளத்துக்கு வேலை பார்க்கும் வழக்கறிஞர். சுமார் 30,000 பேர் வாழும் ஒரு சிற்றூரில் 40 ஆண்டுகள் தொழில் செய்த மூத்த வழக்கறிஞர் ஓய்வு பெறப்போகிறார். ஃபைல்கள், குமாஸ்தா எல்லாவற்றோடும் அலுவலகத்தை என்னை எடுத்து நடத்தச் சொல்கிறார். ஓராண்டு மொத்தக் கட்டணத்தை விலையாகக் கேட்கிறார். அது எங்கள் 24 மாதக் குடும்பச் செலவுக்குச் சமம். பாதியை முதலிலேயே தர வேண்டுமாம். எங்கள் சேமிப்பு 14 மாதச் செலவுக்கு வரும். கணவருக்கு அந்த ஊரில் வேலை கிடைக்குமா தெரியவில்லை. 6 வயதில் ஒரு குழந்தை. சொந்தமாகத் தொழில் நடத்த வேண்டும் என்ற ஆசை பல நாளாக இருக்கிறது. போகலாமா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: போகலாம். ஆனால் அவர் கேட்கும் விதத்தில் பணம் கொடுத்துப் போகக் கூடாது. உங்கள் ஆசையில் பிழை இல்லை, விலை பேசியிருக்கும் முறையில்தான் பிழை இருக்கிறது.

சிற்றூரில் வழக்கறிஞருக்குத் தேவை இருப்பது உண்மைதான். மூத்தவர்கள் ஓய்வு பெறுகிறார்கள், இளையவர்கள் நகரத்தை விட்டு வருவதில்லை. அமெரிக்காவின் தெற்கு டகோட்டா மாநிலம் கிராமப்புறத்துக்குப் போய் 5 ஆண்டு தொழில் செய்ய ஒப்புக்கொள்ளும் வழக்கறிஞர்களுக்கு உதவித்தொகை தர 2013-ல் சட்டமே இயற்றியது. நீங்கள் நகரத்தில் பத்து பேரில் ஒருவராக ஒரு பெரிய வழக்கின் ஒரு மூலையைப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். அங்கே உயில், வாரிசுச் சொத்து, கிரயம், விவாகரத்து, கடன் வசூல், சிறு தொழில் கூட்டு ஒப்பந்தம் என்று ஒரு குடும்பத்தின் எல்லா வேலையும் உங்களிடமே வரும். இன்று உயில் எழுத வருபவரின் வாரிசுகள் 15 ஆண்டு கழித்துச் சொத்து மாற்றத்துக்கு வருவார்கள். வருமானத்தில் இந்தத் தொடர்ச்சிதான் சிற்றூர்த் தொழிலின் பெரிய பலம். ஆனால் அது மெதுவாகப் பழுக்கும். அதுவரை தாக்குப்பிடிக்கப் பணம் இருக்கிறதா என்பதே உங்கள் கேள்வி.

கணக்கைப் பார்ப்போம். இப்போதைய மாதக் குடும்பச் செலவு 100 என்று வைத்துக்கொள்ளுங்கள். சேமிப்பு 1,400. கேட்கும் விலை 2,400, முதலில் தர வேண்டியது 1,200. கொடுத்த மறுநாள் கையில் மிஞ்சுவது 200, அதாவது இரண்டே மாதச் செலவு.

ஊர் மாறினால் செலவு குறையும் என்பது பாதிதான் சரி. வாடகை குறையும். கடன் தவணை, காப்பீட்டுத் தவணை, படிப்புச் செலவு உங்களோடு கூடவே வரும். குடும்பச் செலவுக்கு 75 வையுங்கள். அலுவலகத்துக்கு 60: வாடகை, குமாஸ்தா சம்பளம், சட்டத் தரவுத்தளச் சந்தா, தொழில் காப்பீடு, வெளியூர் நீதிமன்றங்களுக்குப் போய்வரும் செலவு. சந்தாவுக்கு ஊர் சின்னது என்று யாரும் விலை குறைப்பதில்லை. ஆக மாதம் 135 வேண்டும்.

வரவு? ஆண்டுக்கு 2,400 என்றால் மாதம் 200. அது போட்ட பில்லா, கைக்கு வந்த பணமா என்று முதலில் கேளுங்கள். 80 சதவீதம் வசூலாவதாக வைத்தால் 160. சீனியர் போனதும் கட்சிக்காரர்களில் சிலர் வேறு வக்கீலிடம் போவார்கள். 70 சதவீத வேலை நிற்கும் என்று கொண்டால் 112. இதுவும் நாலாவது மாதத்திலிருந்துதான் கிடைக்கும். முதல் 3 மாதம் புது முகம், நின்ற வாய்தாக்கள், தாமதமான வசூல் என்று மாதம் 40 வந்தாலே நல்லது.

முதல் ஆண்டு மொத்தம்: வரவு 120, அதோடு 1,008, ஆக 1,128. செலவு 1,620. பற்றாக்குறை 492. வீடு மாற்றம், முன்தொகை, கணினி, மேசை நாற்காலிக்கு 150 சேர்த்தால் 642. விலைக்கு ஒன்றுமே கொடுக்காமல் இந்த நிலை. 1,400 சேமிப்பு இதைத் தாங்கும். 1,200 கொடுத்துவிட்டு மிஞ்சும் 200 தாங்காது.

இதில் கணவரின் வேலையைச் சேர்க்கவில்லை. அவருக்கு மாதம் 50 கிடைத்தால்கூட ஆண்டுக்கு 600, ஏறக்குறைய முழுப் பள்ளமும் நிரம்பிவிடும். நீங்கள் அலுவலகத்தைப் பற்றி யோசிக்கும் அளவுக்கு அவர் வேலையைப் பற்றியும் யோசித்து, விடை தெரிந்த பிறகு கையெழுத்துப் போடுங்கள்.

இனி விலை. கட்சிக்காரர்கள் சீனியருக்குச் சொந்தமான சரக்கு அல்ல. யாரிடம் போவது என்று அவர்கள்தான் முடிவு செய்வார்கள். இன்னும் முடிவு செய்யாதவர்களுக்கு இன்றே விலை கொடுப்பதில் நியாயம் இல்லை. மேசை, அலமாரி, நூலகம் ஆகியவற்றுக்கு இன்றைய மதிப்பைக் கொடுத்துவிடுங்கள். மற்றதை வசூலோடு கட்டிவையுங்கள்: பழைய கட்சிக்காரர்களிடமிருந்து உண்மையில் கைக்கு வந்த கட்டணத்தில் 20 சதவீதம், 3 ஆண்டுகளுக்கு. மேலே போட்ட கணக்குப்படி முதல் ஆண்டில் அவருக்குச் சுமார் 226 போகும். உங்கள் பள்ளம் 868 ஆகும், கையில் 532 நிற்கும். அது வீட்டுக்கும் அலுவலகத்துக்கும் சேர்த்து ஏறக்குறைய நான்கு மாதச் செலவு. இதற்குக் கீழே இறங்க வேண்டாம். அவருக்கு இது குறைவாகத் தோன்றும். நிற்கும் வேலை 70 சதவீதம் என்று நாம் வைத்தது 90 ஆனால் அவர் பங்கும் கூடும், ஆகவே கட்சிக்காரர்களை உங்களிடம் நிற்கவைக்க அவருக்கும் அக்கறை வரும். 6 மாதம் கூடவே இருந்து, இருவரும் கையெழுத்திட்ட அறிமுகக் கடிதம் அனுப்பி, முக்கியமானவர்களை நேரில் அறிமுகம் செய்யச் சொல்லுங்கள்.

ஒரு எச்சரிக்கை. தொழில் நன்மதிப்பை, அதாவது பழைய கட்சிக்காரர்கள் தொடர்ந்து வருவார்கள் என்ற எதிர்பார்ப்பை விற்பதையும், ஓய்வு பெற்றவரோடு கட்டணத்தைப் பங்கிடுவதையும் சில இடங்களில் வழக்கறிஞர் நடத்தை விதிகள் அனுமதிப்பதில்லை. உங்கள் விதி தடுத்தால் சதவீதத்தை விட்டுவிட்டு, விதிக்கு உட்பட்ட வேறு வடிவத்தில், ஆண்டுதோறும் திருத்தக்கூடிய தவணையாக எழுத முடியுமா பாருங்கள். இதைத் தொழில் விதி தெரிந்த ஒருவரிடம் காட்டாமல் ஒப்பந்தம் எழுத வேண்டாம்.

ஒப்பந்தத்துக்கு முன்னால் 3 ஆண்டு வசூலை வேலை வகைவாரியாகக் கேளுங்கள். கட்சிக்காரர் பெயர் ரகசியம் என்பதால் எண் போட்டுத் தரச் சொல்லுங்கள். ஒரே கட்சிக்காரரிடமிருந்து 30 சதவீதத்துக்கு மேல் வந்தால், அவர் போய்விட்டால் என்ன மிஞ்சும் என்று தனியாகக் கணக்குப் போடுங்கள். அடுத்தது பலர் தவறவிடும் இடம்: கட்டணத்தை முழுவதும் வாங்கிவிட்டு வேலை முடியாமல் கிடக்கும் ஃபைல்கள் எத்தனை? அவற்றில் வேலை உங்களுடையது, பணம் அவர் செலவழித்தது. ஒவ்வொரு ஃபைலிலும் வாங்கியது எவ்வளவு, முடித்தது எவ்வளவு என்று பட்டியல் எடுத்து, மீதி வேலைக்கான தொகையை விலையில் கழியுங்கள். கட்சிக்காரர்கள் கொடுத்துவைத்த பணம் தனிக் கணக்கில் காசு பிசகாமல் இருக்கிறதா என்பதையும் பாருங்கள். அதில் குறை இருந்தால் அந்த அலுவலகத்தைத் தொடவே தொடாதீர்கள். இரும்புப் பெட்டியில் உள்ள மூல உயில்களை எண்ணி வாங்குங்கள். அவை வருங்கால வேலை, கூடவே வருங்காலப் பொறுப்பு.

காப்பீட்டிலும் ஒரு கண்ணி இருக்கிறது. தொழில் தவறுக்கான காப்பீடுகள் பெரும்பாலும், தவறு நடந்த ஆண்டில் அல்ல, கோரிக்கை எழும் ஆண்டில் நடப்பில் இருக்கும் பாலிசியிலிருந்து பணம் தரும். 7 ஆண்டுக்கு முன் அவர் கெடு தவறவிட்ட மனு உங்கள் காலத்தில் வெளிப்பட்டால்? ஓய்வுக்குப் பின்னும் நீடிக்கும் காப்பை அவர் செலவில் எடுக்க வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதுங்கள். உங்கள் பாலிசியில், எந்தத் தேதிக்குப் பிறகு நடந்தவற்றுக்குக் காப்பு என்பதைப் படியுங்கள். நகர நிறுவனத்தை விட்டு வரும்போது பழைய வேலைக்கு அவர்கள் காப்பு தொடர்கிறதா என்று எழுத்தில் வாங்குங்கள்.

சிற்றூரில் மிக அதிகமாக வருமானத்தைத் தின்பது நல முரண், அதாவது எதிரெதிர் தரப்பில் உள்ள இருவருக்கும் ஒரே வழக்கறிஞர் வேலை செய்ய முடியாத நிலை. ஜப்பானில் வழக்கறிஞரே இல்லாத நீதிமன்ற எல்லையை மட்டுமல்ல, ஒரே ஒருவர் இருக்கும் எல்லையையும் பற்றாக்குறைப் பகுதியாகவே எண்ணினார்கள். இரண்டையும் சேர்த்துப் 'பூஜ்ஜியம்-ஒன்று' என்றார்கள். வழக்குக்கு இரண்டு தரப்பு உண்டு, ஒருவரால் ஒரு தரப்பைத்தான் எடுக்க முடியும். 40 ஆண்டு தொழில் செய்தவருக்கு ஊரில் பாதி பேர் கட்சிக்காரர் என்றால் மீதியில் பலர் எதிர்த்தரப்பாக இருந்தவர்கள். ஃபைல்களோடு அந்த முரண்களும் உங்களுக்கு வந்து சேரும். கட்சிக்காரர், எதிர்த்தரப்பு, துணைவர், தொழில் பங்காளி எல்லோர் பெயரையும் ஒரே அகரவரிசையில் ஏற்றுங்கள். புதிதாக வருபவர் விஷயத்தைச் சொல்லத் தொடங்கும் முன்பே பெயரைப் பாருங்கள். அவர் ரகசியத்தைக் கேட்டுவிட்டால் சில சமயம் இரண்டு தரப்பையும் இழக்க நேரும். தெருவில் நிறுத்தி யோசனை கேட்பவர்களையும் அலுவலகத்துக்கு வரச் சொல்லுங்கள்.

வசூல் இன்னொரு தலைவலி. நாளைக்கும் எதிரில் வரப்போகிறவரிடம் கறாராகக் கேட்கக் கூச்சமாக இருக்கும். கூச்சத்துக்கு மருந்து, வேலைக்கு முன்பே எழுத்தில் பேசிவிடுவது. உயில், கிரயம் போன்றவற்றுக்கு நிலையான தொகை, பாதி முன்பணம். தகராறு வழக்கை மனு, சாட்சியம், வாதம் என்று பிரித்து, ஒவ்வொரு கட்டமும் தொடங்கும் முன் அதற்கான கட்டணம். நீதிமன்றக் கட்டணம், நிபுணர் செலவை உங்கள் கையிலிருந்து போடவே வேண்டாம். பணம் வரவில்லை என்று நடுவில் விலக, பல இடங்களில் நீதிமன்ற அனுமதி வேண்டும். தாமதமாகக் கேட்பதன் விலை அது. வாய்ப்பில்லாதவருக்கு இலவசமாகச் செய்ய நினைத்தால் ஆண்டுக்கு இத்தனை வழக்கு என்று முன்கூட்டியே வைத்து மனதாரச் செய்யுங்கள். வராத பாக்கியைத் தர்மம் என்று பிறகு பெயர் மாற்றுவது வேறு.

முதல் ஆண்டு லாபம் சொற்பம், வரியும் சொற்பம். அதை நம்பி இரண்டாம் ஆண்டில் செலவழித்தால் வரி கட்டும் நாளில் திண்டாட்டம். ஒவ்வொரு வரவிலும் ஒரு பங்கைத் தனிக் கணக்கில் போடுங்கள்.

நீங்கள் தனி ஆள் என்பதை மறக்க வேண்டாம். 3 வாரம் படுத்துவிட்டால் வாய்தாவுக்கு யார் போவது? பக்கத்து ஊர் வழக்கறிஞர் ஒருவரோடு பரஸ்பரம் எழுதிவைத்துக்கொள்ளுங்கள். கெடு தேதிகள் உங்களிடமும் குமாஸ்தாவிடமுமாக இரண்டு நாட்காட்டியில் இருக்கட்டும். உடல்நலக் குறைவால் வருமானம் நின்றால் ஈடுசெய்யும் காப்பீட்டை, சம்பளச் சான்று கையில் இருக்கும்போதே எடுப்பது எளிது. வேலையை விடுவதற்கு முன் எடுங்கள்.

கட்டடத்தையும் சேர்த்து வாங்கச் சொன்னால் 2 ஆண்டு வாடகைக்குக் கேளுங்கள். வாங்கும் உரிமையையும் விலையையும் இப்போதே எழுதிவிடலாம். சிற்றூர்க் கட்டடத்தை அவசரத்துக்கு விற்பது கடினம். 12-ஆம் மாதத்துக்குப் பிறகும் தொடர்ந்து 3 மாதம், அலுவலகச் செலவும் சீனியரின் பங்கும் போக வசூலில் மாதம் 40-க்குக் குறைவாக நின்றாலோ, சேமிப்பு 532-க்குக் கீழே இறங்கினாலோ, குமாஸ்தா நேரத்தைக் குறைப்பதா, பக்கத்து ஊரில் வாரம் ஒரு நாள் உட்காருவதா, நகரத்துக்குத் திரும்புவதா என்று கணவரோடு உட்கார்ந்து முடிவு செய்யுங்கள். அந்த இரண்டு எண்களையும் கிளம்பும் முன்பே தாளில் எழுதி இருவரும் வைத்துக்கொள்ளுங்கள்.