கொரோனாவில் விட்டுப்போன படிப்பு: ஓர் ஆசிரியர் பயிற்றுநரின் பதில்கள்

வட்டார வள மையத்தில் ஆசிரியர் பயிற்றுநராக இருக்கிறேன். பெற்றோர் கேட்டவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

சார், கொரோனா வருடத்தில் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த என் மகன் இப்போது ஆறாம் வகுப்பு. தமிழே தடுமாறுகிறது. மந்த புத்தியோ என்று பயமாக இருக்கிறது.

அப்படி நினைக்காதீர்கள் அம்மா. 2020 மார்ச்சில் மூடிய தொடக்கப் பள்ளிகள் 2021 நவம்பர் 1 அன்றுதான் திறந்தன. எழுத்து கற்கவேண்டிய காலம் முழுக்க அவன் வீட்டில் இருந்திருக்கிறான். 2022-ல் வந்த 'எண்ணும் எழுத்தும்' திட்டம் இவர்களுக்காகத்தான். அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலைகளாகப் பிரித்து, பிள்ளை நிற்கும் இடத்திலிருந்து சொல்லிக்கொடுப்பார்கள். ஆறு முதல் ஒன்பது வரை, பின்தங்கிய பிள்ளைகளுக்கு அடிப்படையைச் சொல்லிக்கொடுக்க இப்போது 'திறன்' இயக்கம் இருக்கிறது. உங்கள் பையன் அதில் இருக்கிறானா என்று வகுப்பாசிரியரிடம் கேளுங்கள்.

வீட்டிலும் பாருங்கள். இரண்டாம் வகுப்புப் புத்தகத்தில் ஒரு பத்தியைக் கொடுங்கள். கடகடவென்று வாசித்தால் உடனே நம்பிவிடாதீர்கள், மனப்பாடமாக இருக்கலாம். வரியை விரலால் மறைத்து, நடுவில் ஒரு சொல்லை மட்டும் காட்டுங்கள். 'கொடி'யைக் 'கெ' என்று தொடங்கி, துணைக்காலைக் கண்டதும் திகைத்து நிற்கும் பிள்ளைகளை நிறையப் பார்க்கிறேன். அங்கே நின்றால் அங்கிருந்தே தொடங்குங்கள். ஆறாம் வகுப்புப் பாடத்தை வைத்து அடிப்பதால் ஒரு எழுத்தும் வராது.

தனியார் பள்ளியில் கட்டண பாக்கி. டிசி தர மறுக்கிறார்கள். பாப்பா நாலாம் வகுப்பு, வீட்டில் சும்மா இருக்கிறாள்.

நாளைக்கே அரசுப் பள்ளிக்கு அழைத்துப் போங்கள். டிசி வரத் தாமதமானால் அதைக் காட்டிச் சேர்க்கையை மறுக்கக் கூடாது என்று 2009 கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறது. வயதுக்கேற்ற வகுப்பில் சேர்ப்பார்கள். மறுத்தால் கல்வி உதவி எண் 14417-க்குப் பேசுங்கள். பாக்கிக்காகக் குழந்தையின் படிப்பைப் பிடித்துவைப்பது பெரிய அநியாயம்.

அக்காவும் மாமாவும் கொரோனாவில் போய்விட்டார்கள். அவர்கள் மகள் என்னிடம் வளர்கிறாள். உதவித் தொகைக்கு அப்போதே பதிந்துவிட்டோம். கல்லூரிக்கு அந்தப் பணம் கிடைக்குமா?

மாநில அரசு அவள் பெயரில் வைப்புத் தொகையாகப் போட்ட 5 லட்சம், 18 வயதானதும் வட்டியோடு வரும். அதுவரை உறவினர் வீட்டில் வளர்வதற்கு மாதம் 3000. மத்திய அரசின் பிஎம் கேர்ஸ் திட்டத்தில் சேர்ந்திருந்தால், 10 லட்சம் கைக்கு வருவது 23 வயதில்தான். ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவள் என்றால் கல்லூரியில் 'புதுமைப் பெண்' திட்டத்தில் மாதம் 1000 ரூபாயும் உண்டு, வேறு உதவித் தொகை வாங்கினாலும் அது நிற்காது. மாதத் தொகை வராமல் நின்றிருந்தால் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்கு நேரில் போய்க் கேளுங்கள்.

'இல்லம் தேடிக் கல்வி'யால் உண்மையில் பயன் இருந்ததா?

இருந்தது. தன்னார்வலர்கள் மாலையில் வீட்டருகே சொல்லிக்கொடுத்த திட்டம் அது. நான் பார்த்த தெருக்களில், பள்ளிக்குத் தயங்கிய பிள்ளைகூட மாலையில் தெரிந்த அக்கா வீட்டுத் திண்ணைக்கு வந்து உட்கார்ந்தது. அந்த அக்காக்களுக்கு மாதம் 1000 ரூபாய் கொடுத்ததுதான் குறை. அவர்கள் உழைப்புக்கு அது போதவே போதாது.

தம்பி ஒன்பதோடு நின்று மில்லுக்குப் போனான், வயது 19. இனி பத்தாவது எழுத முடியுமா?

முடியும், தனித்தேர்வராக. ஆனால் அறிவியல் செய்முறைக்கு முன்கூட்டியே பதிய வேண்டும். பலர் அதைக் கோட்டைவிட்டு ஒரு வருடத்தை இழக்கிறார்கள். அறிவிப்பு வரும் தேதியை அரசுத் தேர்வுகள் சேவை மையத்தில் இந்த வாரமே விசாரியுங்கள்.