மூத்தவளைப் பற்றிக் கவலையே இல்லையா?

கேள்வி: நான்கு பிள்ளைகளையும் வீட்டிலேயே வைத்துப் படிக்கவைக்கிறோம். இது கர்த்தர் கொடுத்த பாரம் என்று நம்பித்தான் தொடங்கினோம், மூன்று வருஷம் ஆகிறது. இப்போது எனக்கு ஒரேயடியாகச் சோர்வாக இருக்கிறது. எட்டு வயது மகன் பத்து நிமிஷம்கூட உட்கார மாட்டேன் என்கிறான். ஆறு வயது மகளுக்கு இன்னும் எழுத்துக் கூட்டி வாசிக்க வரவில்லை. கடைக்குட்டிக்கு இரண்டு வயது. நல்லவேளையாகப் பன்னிரண்டு வயது மூத்தவள் எங்கள் வீட்டு மிரியாம். சின்னவனை முழுக்க அவள்தான் பார்த்துக்கொள்கிறாள். அவளைப் பற்றிக் கவலையே இல்லை, எல்லாரும் தூங்கின பிறகு தன் பாடத்தைத் தானே படித்துக்கொள்வாள். போன மாதம் அவளுக்குக் காய்ச்சல் வந்த நான்கு நாளும் வீட்டில் பாடமே நடக்கவில்லை. கணவர் வேலை முடிந்து வந்து தினமும் குடும்ப ஜெபம் நடத்துவார், வேதத்தை நன்றாக விளக்குவார். சபையில் பலர் ‘ஏன் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பவில்லை’ என்று கேட்கிறார்கள், என்ன சொல்வது? பாடத்திட்டத்தை மாற்றினால் சரியாகுமா?

பதில்: சகோதரி, பாடத்திட்டத்தை மாற்றவேண்டாம். இப்போதைக்கு எதையும் வாங்கவும் வேண்டாம். இந்த மாதிரிக் கடிதம் எனக்கு நிறைய வருகிறது, அநேகமாக எல்லாவற்றிலும் உட்காராத ஒரு பையன் இருப்பான், வாசிக்காத ஒரு சின்னப் பிள்ளை இருக்கும், அம்மா களைத்துப்போயிருப்பாள். பையன் ஒருநாள் உட்கார்ந்துவிடுவான். உங்கள் கடிதத்தில் என்னைத் தூக்கிவாரிப்போட்டது வேறு ஒரு வரி. ‘அவளைப் பற்றிக் கவலையே இல்லை.’

பன்னிரண்டு வயதுப் பிள்ளை பகல் முழுக்கக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு அலைந்துவிட்டு, வீடு அடங்கின பிறகு தனியாக உட்கார்ந்து படிக்கிறாள். இதை நீங்கள் ஒரு பாராட்டாக எழுதியிருக்கிறீர்கள். 6 முதல் 12 வயதுவரை உள்ள பிள்ளைகளுக்கு நாளுக்கு 9 முதல் 12 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்று தூக்க மருத்துவர்கள் சொல்கிறார்கள். உங்கள் மகள் எத்தனை மணிக்குப் படுக்கிறாள், எத்தனை மணிக்குச் சின்னவன் அவளை எழுப்புகிறான் என்று உங்களுக்குத் தெரியுமா? கடிதத்தில் இல்லை. மகன் எத்தனை நிமிஷம் உட்கார்கிறான் என்பது மட்டும் சரியாக இருக்கிறது.

அந்தக் காய்ச்சல் விஷயத்துக்கு வருவோம். ஒரு குழந்தை நான்கு நாள் படுத்ததும் வீட்டில் பாடம் மொத்தமும் நின்றுபோனது என்றால், அந்தப் பள்ளிக்கூடத்தை நடத்திக்கொண்டிருந்தது யார்? நீங்களா, அவளா? கோபப்படாமல் யோசித்துப் பாருங்கள். வீட்டு வேலையில் பிள்ளைகள் கைகொடுக்கவேண்டும், அதில் எனக்கு மாற்றுக்கருத்தே கிடையாது. பாத்திரம் துலக்கட்டும், துணி மடிக்கட்டும், சாயங்காலம் அரைமணி நேரம் தம்பியோடு விளையாடட்டும். ஆனால் அவள் இல்லாவிட்டால் அன்றைய நாளே நடக்காது என்ற இடத்துக்கு ஒரு பிள்ளையைக் கொண்டுபோய் நிறுத்தினால், அதற்கு உதவி என்று பெயர் இல்லை. பெற்றோரின் பாரத்தை இறக்கி அவள் தலையில் வைத்திருக்கிறீர்கள், அவளும் வாய் திறக்காமல் சுமக்கிறாள்.

மிரியாம் என்று எழுதியிருக்கிறீர்கள். யாத்திராகமம் இரண்டாம் அதிகாரத்தை இன்னொரு தடவை வாசியுங்கள். அந்தத் தமக்கை, தம்பி மோசேயை வைத்திருந்த நாணற்பெட்டியைத் தூரத்தில் நின்று கவனித்தாள், பார்வோனின் மகளிடம் துணிச்சலாகப் பேசினாள். அப்புறம் என்ன செய்தாள்? ஓடிப்போய்ப் பிள்ளையின் தாயை அழைத்துக்கொண்டு வந்தாள். பிள்ளையை எடுத்துக்கொண்டுபோய் வளர்த்தவள் தாய். ஆண்குழந்தைகளைக் கொல்லச்சொன்ன பார்வோனின் கட்டளைக்கு நடுவிலேகூட அந்த வீட்டில் மகள் மகளாகத்தான் இருந்தாள்.

வீட்டில் பாடம் சொல்லிக்கொடுக்கும் கிறிஸ்தவக் குடும்பங்கள் அடிக்கடி உதாரணம் காட்டுகிற சூசன்னா வெஸ்லியைப் பற்றி நீங்களும் கேள்விப்பட்டிருப்பீர்கள். 19 பிள்ளைகள் பெற்றவர், அதில் 9 குழந்தைகளைச் சிறுவயதிலேயே பறிகொடுத்தவர், மிச்சப் பேருக்கு வீட்டிலேயே பாடம் நடத்தியவர். தன் மகன், மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லிக்கு 1732-இல் எழுதிய கடிதத்தில் வீட்டு விதிகளைச் சொல்லிக்கொண்டே வருகிறார். அதில் ஒன்று, பெண்பிள்ளை நன்றாக வாசிக்கப் பழகும்வரை அவளுக்குத் தையல் வேலை பழக்கக்கூடாது என்பது. வாசிப்பு கைவருமுன் தையலில் உட்காரவைப்பதால்தான் காதால் கேட்கும்படி வாசிக்கத் தெரிந்த பெண்கள் இவ்வளவு குறைவாக இருக்கிறார்கள் என்று காரணமும் சொல்கிறார். பெண்பிள்ளையின் படிப்பு வீட்டு வேலைக்கு அப்புறம்தான் என்று எல்லாரும் நினைத்த காலத்தில் ஒரு தாய் போட்ட சட்டம் இது! அவர் வீட்டிலும் மூத்த பிள்ளைகள் இளையவர்களோடு உட்கார்ந்து சங்கீதம் வாசித்தார்கள், அதையும் மறைக்கவில்லை. ஆனால் பாடம் நடத்தியது தாய். அதோடு வாரத்தில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு மாலையை ஒதுக்கிப் பேசினார், ஜானுக்கு வியாழக்கிழமை. உங்கள் மூத்தவளுக்கு எந்தக் கிழமை?

அவள் தானே படித்துக்கொள்கிறாள் என்கிறீர்களே, இன்றைக்கு அவள் கணக்கு நோட்டை எடுத்துப் பாருங்கள். விடை மட்டும் பார்க்காதீர்கள், வழியைப் பாருங்கள். தனியாகப் படிக்கிற பிள்ளைகளின் நோட்டில், பின்னமும் விகிதமும் வருகிற பக்கங்களில் விடை சரியாக இருக்கும், நடுவில் இருக்கவேண்டிய மூன்று நான்கு வரி இருக்காது. புத்தகத்தின் கடைசிப் பக்கத்தைப் பார்த்து எழுதியிருப்பாள். ஏமாற்றவேண்டும் என்றில்லை, ராத்திரியில் சந்தேகம் வந்தால் கேட்க யாரும் விழித்திருப்பதில்லை, அம்மாவை எழுப்ப மனசு வராது. தெரிந்ததை விரும்பிப் படிப்பாள், தெரியாததைத் தாண்டிப் போவாள். அடுத்த வருஷம் இயற்கணிதம் என்று உட்காரும்போது அத்தனை ஓட்டையும் ஒன்றாக வெளியே வரும். அன்றைக்கு ‘இவளுக்குக் கணக்கு வராது’ என்று ஒரு வார்த்தையில் முடித்துவிடாதீர்கள்.

இப்போது உங்கள் கணவர். குடும்ப ஜெபம் நடத்துகிறார், நல்லது. ஜெப நேரத்தில் சின்னவன் யார் மடியில் இருக்கிறான்? நீங்கள் எழுதாவிட்டாலும் எனக்குத் தெரியும். ‘பிதாக்களே, உங்கள் பிள்ளைகள் திடனற்றுப்போகாதபடி, அவர்களைக் கோபப்படுத்தாதிருங்கள்’ என்று கொலோசெயரில் வருகிற வசனம் தகப்பனுக்குச் சொன்னது. பிள்ளைகளுக்குக் கருத்தாய்ப் போதிக்கச் சொல்கிற உபாகமம் ஆறாம் அதிகாரம், வீட்டில் உட்கார்ந்திருக்கும்போது, வழியில் நடக்கும்போது, படுக்கும்போது, எழும்போது என்று நாள் முழுவதையும் சொல்கிறது. சாயங்காலம் அரைமணி நேரம் விளக்கவுரை கொடுத்தால் அந்தக் கடமை தீர்ந்தது என்று எந்த வசனத்திலும் இல்லை. நான்கு பிள்ளைகளை வீட்டில் படிக்கவைப்பது என்று இரண்டு பேரும் சேர்ந்துதானே முடிவெடுத்தீர்கள்? அப்படியானால் வேலையும் இரண்டு பேருக்கும்தான். வேலைக்குக் கிளம்புமுன் சின்னவனைக் குளிப்பாட்டி உடுத்திச் சாப்பிடவைப்பது அவர் பொறுப்பு. ராத்திரி அவனைத் தூங்கவைப்பதும் அவர்தான். மூத்தவளின் கணக்கு இனிமேல் அப்பாவிடம், வாரத்தில் மூன்று நாளாவது, பக்கத்தில் உட்கார்ந்து. ஜெபம் பத்து நிமிஷம் குறைந்தால் கர்த்தர் கோபித்துக்கொள்ளமாட்டார்.

உங்கள் பங்குக்கு, காலையில் முதல் ஒன்றரை மணி நேரம் மூத்தவளுக்கு. மீதி நேரம் இல்லை, முதல் நேரம். சின்னவன் அழுதால் நீங்கள் எழுந்து போங்கள், அவள் எழவேண்டாம். பழக்கத்தில் அவள் எழுந்துவிடுவாள், கையைப் பிடித்து உட்காரவையுங்கள். ‘உனக்குக் கஷ்டமாக இருக்கிறதா’ என்று மட்டும் கேட்டுக்கொண்டிருக்காதீர்கள், ‘பரவாயில்லைம்மா’ என்றுதான் சொல்வாள், அப்படித்தானே பழக்கியிருக்கிறீர்கள். கேட்காமல் அவள் இடுப்பில் இருக்கிற குழந்தையை வாங்கிக்கொள்ளுங்கள். ராத்திரிப் படிப்பு இன்றோடு நிற்கட்டும்.

மகனுக்குப் பாடத்தைச் சின்னச் சின்னதாக வெட்டுங்கள். வீட்டுக்கல்வி நடத்துகிறவர்கள் இன்றும் பின்பற்றுகிற ஆங்கிலேயக் கல்வியாளர் சார்லட் மேசன் (1842–1923), சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் இருபது நிமிஷத்தைத் தாண்டக்கூடாது என்றுதான் சொன்னார். பத்து நிமிஷம் கவனமாக உட்கார்ந்தால் போதும், ஓடிவிட்டு வரட்டும். ஆறு வயதுக்காரிக்குத் தினமும் பத்துப் பதினைந்து நிமிஷம், விடாமல். கண்ணையும் காதையும் ஒருமுறை பரிசோதித்துவிடுங்கள்.

இவ்வளவையும் படித்துவிட்டு, உங்கள் கணவர் ‘எனக்கு நேரமில்லை’ என்று சொன்னால், மூத்தவளைப் பள்ளிக்கூடத்தில் சேருங்கள். முதலில் அவளை. பிள்ளைகளை வீட்டில்தான் படிக்கவைக்கவேண்டும் என்று வேதத்தில் கட்டளை கிடையாது. பெற்றோர் இரண்டு பேரும் தோள் கொடுக்க முடிகிற வீட்டுக்கு அது நல்ல வழி, முடியாத வீட்டில் ஒரு பெண்பிள்ளையின் படிப்பைக் காவுகொடுத்து அதை நடத்தக்கூடாது. பாரம் உங்கள் இருவருக்கும் கொடுக்கப்பட்டது என்றால் அதை நீங்கள் இருவரும் சுமக்கவேண்டும். அவளிடம் யாரும் கேட்கவில்லை.

சபையில் கேட்கிறவர்களுக்கு என்ன சொல்வது என்றும் கேட்டிருந்தீர்கள். பிள்ளைகள் வீட்டில் படிக்கிறார்கள் என்று சொல்லுங்கள். நான்கு பேரில் அவளையும் சேர்த்து அதைச் சொல்ல முடியவேண்டும், அதற்கு முன்னால் யாரோடும் வாதாடப் போகாதீர்கள்.