பற்றைக்குள் நிற்கும் மழைத்தண்ணீர் தையோடு ஏன் போய்விடுகிறது?

யாழ்ப்பாணக் குடாநாட்டின் வலிகாமத்து வாசகர் ஒருவரின் கேள்வி இது: “காணியின் பின்பக்கப் பற்றைக்காட்டுக்குள் ஒரு பரப்புக் (நம்மூர்க் காணி அளவு) காணியளவில் பள்ளம் இருக்கிறது. மார்கழி நடுவில் இடுப்பளவு தண்ணீர் நிற்கும். தை முடிவதற்குள் வற்றிவிடும். பெக்கோ (மண் தோண்டும் இயந்திரம்) விட்டு ஆழமாக்கினால் பங்குனி வரை நிற்குமா?”

ஆழமாக்க வேண்டாம். உள்ளதும் போய்விடும்.

செம்மண்ணுக்குக் கீழே இருப்பது வெடிப்பும் பொந்தும் நிறைந்த சுண்ணக்கல். அதன்மேல் மழைநீர் தேங்குகிறதென்றால், பல ஆண்டுகளாக நடுப்பள்ளத்தில் படிந்த நுண்சேறும் மக்கிய இலைகளுமே காரணம். இந்தச் சேற்றுப்படை பெரும்பாலும் ஒரு சாணுக்கு மேல் இருக்காது. பெக்கோ முதலில் வழித்தெடுப்பது அதைத்தான். அடுத்த மழையில் தண்ணீர் நேரே கல்லுக்குள் இறங்கும்.

முதலில் கணக்குப் பாருங்கள். வெயிலும் காற்றும் இழுப்பது நாளுக்கு ஏறத்தாழ 4–5 மி.மீ. 45 நாளுக்கு 20 செ.மீ. சொச்சம்தான். உங்கள் பள்ளத்தில் 90 செ.மீ. போகிறது. மிச்சம் மண்ணுக்குள் போகிறது, கொஞ்சத்தைக் கரை மரங்களின் வேர் குடிக்கிறது.

எந்த இடத்தால் போகிறது என்பதைக் கண்டுபிடிக்கப் பெரிய கருவி தேவையில்லை. மி.மீ. அடையாளமிட்ட பிவிசி குழாய் ஒன்றை நடுவில் ஊன்றுங்கள். மழையில்லாத நாட்களில், காற்று அடங்கியிருக்கும் நேரம் பார்த்து, மாலை ஆறுக்கும் காலை ஆறுக்கும் அளவெடுங்கள். இரவில் ஆவியாவது குறைவு. ஆகவே இரவு இறக்கத்தை இரண்டால் பெருக்கினால் ஒரு நாள் கசிவு கிட்டத்தட்ட வந்துவிடும். இரவில் 7 மி.மீ. இறங்கினால் நாளுக்கு 14. ஓர் இரவை நம்பாமல் நாலைந்து இரவின் சராசரியை எடுங்கள்.

அடுத்து, இறக்கம் எப்படிப் போகிறது என்று கவனியுங்கள். இவ்வகைப் பள்ளங்கள் தட்டுப்போல விரிந்தவை. சேறு நடுவில் படியும். ஓரம் வெறும் செம்மண்ணாகவே இருக்கும். நிரம்பி நிற்கையில் தண்ணீர் அந்த ஓரத்தையும் தொடுவதால் மேல் 30–40 செ.மீ. விறுவிறென்று இறங்கி, பிறகு வேகம் குறையும். அப்படியானால் அடி நல்லது, ஓரம்தான் கசிகிறது. கடைசிவரை ஒரே வேகத்தில் இறங்கினால், அல்லது வற்றிய தரையில் புனல்போல ஒரு குழி தெரிந்தால், அடியில் பொந்து இருக்கிறது.

மூன்றாவது ஒன்றும் உண்டு. மேசன்மார் மட்டம் பிடிக்கும் ரியூப்பால் பள்ளத்து நீரையும் பக்கத்துக் கிணற்று நீரையும் ஒப்பிடுங்கள். இரண்டும் ஒரே மட்டத்தில் நின்று ஒன்றாக இறங்கினால், அது நிலத்தடி நீரே மேலே தெரிவது. என்ன பூசினாலும் நிற்காது.

ஓரக் கசிவென்றால், ஆடி ஆவணியில் தரை காய்ந்தபின் ஓரத்தில் மட்டும் களிமண் போடலாம். ஈரமாக்கி உள்ளங்கையில் பென்சில் தடிப்புக்கு உருட்டும்போது வெடிக்காத மண்தான் சரி. 15 செ.மீ. வீதம் இரண்டு படை. ஒவ்வொன்றையும் ஈரத்தோடு மாடு விட்டு மிதிக்க வையுங்கள். உலர்ந்த களியைக் கொட்டி நிரவினால் கட்டிகளுக்கிடையே தண்ணீர் வழி கண்டுபிடிக்கும். கரையின் சரிவு 1 அடி இறக்கத்துக்கு 6 அடி நீளமாவது இருக்கட்டும். செங்குத்தாக வெட்டினால் மழைக்கு இடிந்து விழும், கன்றுகளும் ஏறமாட்டா. மேலே சருகு பரப்பினால் கோடையில் ஆழமாக வெடிக்காது. முதல் மழையில் வெடிப்புகளூடாகத் தண்ணீர் இறங்குவது வழமை. களி ஊறி மூடும்வரை பொறுங்கள்.

பொந்தென்றால் களியை மட்டும் திணிப்பது வீண், அது கரைந்து உள்ளே போய்விடும். அடியில் பெருங்கல், அதன்மேல் சல்லி, பிறகு மணல், கடைசியாகக் களி. குப்பை போட்டு மூடுவோர் அந்தக் குப்பைத் தண்ணீரையே கிணற்றில் குடிப்பார்கள்.

இதையெல்லாம் செய்யத்தான் வேண்டுமா என்றால், மாட்டுக்குத் தண்ணீர் வேண்டுமென்றால் மட்டும் என்பேன். கசிந்து இறங்குவது உங்கள் கிணற்றுக்கும் ஊர்க் கிணறுகளுக்கும்தான் சேர்கிறது. ஆற்றுப் பாசனமற்ற குடாநாட்டில் கல்லிடுக்கில் மிதக்கும் இந்த நன்னீர்ப் படைதான் உவர்நீரைக் கீழே அமுக்கி வைத்திருக்கிறது.

நுளம்புக்குப் பயந்து திலாப்பியா விடாதீர்கள். அது வாற்பேய்களையும் (தவளைக் குஞ்சுகள்) தின்றுவிடும். மீன் இல்லாமலே தும்பிக் குஞ்சுகள் நுளம்புப் புழுக்களைப் பிடிக்கும். ஆனால் அவை வளரச் சில வாரம் எடுக்கும் என்பதால், மழை தொடங்கிய முதல் வாரங்களில் நுளம்பு கொஞ்சம் கூடத்தான் இருக்கும்.