ஸ்டாக் எஞ்சின் எவ்வளவு தாங்கும்? தண்டையார்பேட்டை பட்டறையிலிருந்து சில பதில்கள்

எஞ்சினைப் பிரிக்காமல், உள்ளே ஒரு ஆணியைக்கூட மாற்றாமல் எவ்வளவு பவர் ஏற்றலாம்? வாரத்துக்கு இரண்டு பேராவது பட்டறை வாசலில் நின்று இதைத்தான் கேட்கிறார்கள். எஞ்சின் பிரித்துக் கட்டுவதுதான் 27 வருடமாக என் தொழில். கேள்விகளை அனுப்பச் சொன்னேன், நிறைய வந்தன. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்து இங்கே பதில் போடுகிறேன்.

கேள்வி (கொருக்குப்பேட்டை): அண்ணே, என்னுடையது 2014 ஸ்விஃப்ட் டீசல், 75 பிஎஸ். ரீமேப் செய்தால் 100 வரும் என்கிறார்கள். எஞ்சின் தாங்குமா?

தம்பி, ரீமேப் என்றால் எஞ்சினை ஆளும் கம்ப்யூட்டரில் (ஈசியூ) இருக்கும் புரோகிராமை, அதாவது மேப்பை, மாற்றி எழுதுவது. உங்களுடையது 1248 சிசி, ஃபியட் மல்டிஜெட். இதே எஞ்சின்தான் எர்டிகாவிலும் சியாஸிலும் 90 பிஎஸ் பவரும் 200 என்எம் டார்க்கும் (சுழற்றும் விசை) கொடுத்தது. "அதே பிளாக்தானே, அங்கே 90 தாங்கினால் இங்கே 100 தாங்காதா?" என்று கேட்பார்கள். அங்கே டர்போ (எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் விசிறி) வேறு. அந்த 90 பிஎஸ் எஞ்சினில் டர்போ இறக்கைகளின் கோணம் வேகத்துக்கு ஏற்ப மாறும். உங்கள் 75 பிஎஸ் எஞ்சினில் இருப்பது சாதாரண சின்ன டர்போ. அதை அளவுக்கு மீறிச் சுற்றவிட்டால் காற்றைத் தள்ளுவதைவிடச் சூடாக்குவதுதான் அதிகம். காற்று போதாத இடத்தில் டீசலை மட்டும் கூட்டினால் பின்னால் கரும்புகை, உள்ளே பிஸ்டன் தலையில் சூடு.

நல்ல ஆள் எழுதிய மேப் என்றால் 90 பிஎஸ் பக்கம், டார்க் 225 என்எம் வரைக்கும் போகலாம் என்பது என் கணக்கு. அதாவது சுமார் 20 சதவீதம். அதற்கும் முன்னால் கம்ப்ரஷன் பாருங்கள், இன்ஜெக்டர் ரிட்டர்ன் (தெளிக்காமல் திரும்பி வரும் டீசல்) பாருங்கள், காலையில் ஸ்டார்ட் செய்யும்போது செயின் சத்தம் வருகிறதா என்று கேளுங்கள். பத்து வருடம் தாண்டிய வண்டிக்கு கம்பெனி சொன்ன 75-ஏ முழுதாக இருக்காது. அப்புறம், முதலில் போவது எஞ்சின் இல்லை, கிளட்ச். நாலாவது கியரில் மெதுவாகப் போய்க்கொண்டே ஆக்ஸிலேட்டரை முழுதாக அழுத்துங்கள். ஆர்பிஎம் முள் மட்டும் ஓடி, வண்டி பின்தங்கினால் இப்போதே கிளட்ச் வழுக்குகிறது என்று அர்த்தம். அந்த வண்டிக்கு ரீமேப் வேண்டாம்.

கேள்வி (ராயபுரம்): 20 சதவீதம் மிச்சம் இருக்கும்போது கம்பெனிக்காரன் ஏன் அதைக் கொடுக்காமல் வைக்கிறான்?

நீங்கள் இருக்கிற ஊரிலேயே பதில் இருக்கிறது சார். காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துக்குப் போய் விசைப்படகு எஞ்சினைப் பாருங்கள். லாரியில் ஓடும் அதே குடும்பத்து டீசல் எஞ்சின்தான். ஆனால் படகுக்குப் போகும்போது பவரைக் குறைத்துத்தான் கொடுப்பார்கள். ஏன்? லாரிக்கு ஏற்றம் உண்டு, இறக்கம் உண்டு, சிக்னல் உண்டு. நடுநடுவே எஞ்சின் மூச்சு வாங்கிக்கொள்ளும். படகு வலையை இழுக்க ஆரம்பித்தால் மணிக்கணக்கில் ஒரே லோடு.

கார் இதற்கு நேர் எதிர். 120 பிஎஸ் காரில் அந்த 120-ஐ நாம் தொடுவது ஒரு ஓவர்டேக்கில் பத்து நொடி. மற்ற நேரமெல்லாம் 20, 30 பிஎஸ்ஸில் ஓடுகிறது. அதனால் "எவ்வளவு தாங்கும்" என்று கேட்பவரிடம் நான் திருப்பிக் கேட்பது, "எவ்வளவு நேரம்?" பத்து நொடிக்கு 160 தாங்கும் எஞ்சின், பத்து நிமிடத்துக்கு 130-கூடத் தாங்காமல் போகலாம். கம்பெனி விட்டுவைத்த மிச்சம் கஞ்சத்தனம் இல்லை. மே மாத வெயில், கலப்பட பெட்ரோல், 10,000 கிலோமீட்டர் தாண்டியும் மாற்றாத ஆயில், ஆறு பேர் ஏறிய வண்டி, எல்லாமே ஒரே நாளில் சேர்ந்து வந்தாலும் எஞ்சின் பிழைக்க வேண்டும் என்று ஒதுக்கிய பங்கு அது. நீங்கள் எடுத்துச் செலவு செய்வது அதைத்தான்.

கேள்வி (பெரம்பூர்): அண்ணா, ஐ20 டர்போ வைத்திருக்கிறேன். 120 பிஎஸ், 172 என்எம், டிசிடி (இரட்டை கிளட்ச் ஆட்டோமேட்டிக்) கியர். வேலை எண்ணூர் பக்கம், தினமும் போய்வருகிறேன். ஸ்டேஜ் 1 (பாகம் எதையும் மாற்றாத ரீமேப்) போட்டு 145 வரைக்கும் போகலாமா? வீட்டுக்காரர் வேண்டாம் என்கிறார்.

வீட்டுக்காரர் பக்கம்தான் நானும், மன்னியுங்கள் தங்கச்சி. ஆனால் காரணம் அவர் சொன்னதாக இருக்காது.

பவர் என்பது டார்க்கையும் ஆர்பிஎம்மையும் பெருக்கி வருவது. 172 என்எம் 4000 ஆர்பிஎம்மில் இருந்தால் சுமார் 98 பிஎஸ். மேலே 5500, 6000-இல் கொஞ்சம் கூட்டினால் எஞ்சினுக்குப் பெரிய வலி இல்லை. ஆனால் மேப் போடுகிறவர்கள் வாடிக்கையாளர் முதுகு சீட்டில் ஒட்ட வேண்டும் என்பதற்காக 1800, 2000 ஆர்பிஎம்மிலேயே பூஸ்ட்டை (டர்போ காற்றழுத்தத்தை) திணிப்பார்கள். அங்கே பிஸ்டன் மெதுவாக நகர்கிறது, அழுத்தம் அதிகம், எரிவதற்கு நேரமும் அதிகம். பிளக் பொறி கொடுப்பதற்கு முன்பே கலவை தானாகப் பற்றிக்கொள்ளும். சின்ன டர்போ பெட்ரோல் எஞ்சின் எல்லாவற்றுக்கும் உள்ள வியாதி இது. ஒரே ஒரு தடவை பலமாக நடந்தால் போதும்.

என் மேஜை மேல் அப்படி ஒரு பிஸ்டன் பேப்பர் வெயிட்டாக இருக்கிறது. தலை பளிச்சென்று இருக்கிறது, ஓட்டை இல்லை, உருகவும் இல்லை. ஆனால் முதல் ரிங்குக்கும் இரண்டாவது ரிங்குக்கும் நடுவே இருக்கும் அலுமினிய விளிம்பு, பிஸ்கட்டைக் கடித்த மாதிரி ஒரு அரை அங்குலம் காணோம். விரலை வைத்தால் கூர்மையாகக் கிழிக்கும். அந்த வண்டி நின்றுபோகவில்லை. ஐடிலில் லேசாகக் குலுங்கியது, ஆயில் குடித்தது, அவ்வளவுதான். வாங்கிய இரண்டாவது வருடம்.

இனி உங்கள் எண்ணூர் சாலைக்கு வருவோம். டர்போ தள்ளும் காற்றைக் குளிரவைக்கும் இன்டர்கூலருக்கு வேலை செய்யக் காற்று வேண்டும். கன்டெய்னர் லாரி வரிசையில் முக்கால் மணி நேரம் ஊர்ந்தால் அது வெறும் சூடான பெட்டி. உள்ளே போகும் காற்று பத்து டிகிரி கூடினால் அடர்த்தி சுமார் 3 சதவீதம் குறையும். அது பெரிய விஷயமில்லை, ஆனால் நாக்கிங்குக்கு (கலவை கட்டுப்பாடில்லாமல் தானாக வெடிப்பது) அந்தப் பத்து டிகிரி பெரிய விஷயம். வரிசை கலைந்ததும் கோபத்தில் ஒரு மிதி மிதிப்போமே, அந்த நொடிதான் ஆபத்து. ஸ்டாக் மேப்பில் ஈசியூ பொறியைப் பின்னுக்குத் தள்ளிச் சமாளிக்கும். டைட்டாக எழுதிய மேப்பில் தள்ள இடம் இருக்காது. போதாததற்கு உலர் கிளட்ச் டிசிடி. ஊர்ந்து ஊர்ந்து போவதே அதற்குத் தண்டனை.

கேள்வி (மணலி): 95 ஆக்டேன் பெட்ரோல் போட்டால் கூடுதல் பவர் தாங்குமா? இப்போது வருகிற இ20 (20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல்) நல்லதா கெட்டதா?

ஆக்டேன் பவரைக் கொடுக்காது, நாக்கிங்கைத் தள்ளிப்போடும். டர்போ காருக்கு, அதுவும் ரீமேப் செய்ததற்கு, 95 போடுவது நியாயமான செலவு. சாதா எஞ்சினுக்குப் போட்டால் பங்க்காரருக்குத்தான் லாபம். இ20 சங்கதி இரண்டு பக்கமும் வெட்டும். எத்தனாலின் ஆக்டேன் 100-க்கு மேல், எரியறைக்குள் குளிர்ச்சியும் தரும். ஆனால் லிட்டருக்கு எத்தனாலில் சக்தி பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு, ஆகவே அதே பவருக்குக் கூடுதல் எரிபொருள் தெளிக்க வேண்டும். இன்ஜெக்டரும் பம்ப்பும் ஏற்கெனவே எல்லையில் ஓடினால், மேல் ஆர்பிஎம்மில் கலவை மெலிந்துவிடும்.

கேள்வி (வியாசர்பாடி): சுப்ரா எஞ்சின் ஸ்டாக்கிலேயே 700 தாங்குகிறது, போலோ ஏன் தாங்காது?

டொயோட்டா சுப்ராவின் 2ஜேஇசட் எஞ்சினைச் சொல்கிறீர்கள். மூன்று லிட்டர், ஆறு சிலிண்டர், இரும்பு பிளாக். ஜப்பான் கம்பெனிகள் தங்களுக்குள் 280 பிஎஸ் என்று கட்டுப்பாடு வைத்திருந்த காலத்தில் வந்தது அது; 2004 வரை அந்தப் பழக்கம் இருந்தது. அதே வண்டி அமெரிக்காவில் 320 என்று விற்றது. காகிதத்தில் குறைத்துச் சொல்லி, உள்ளே தடியாகக் கட்டிய எஞ்சின். இப்போதைய சின்ன எஞ்சின்களில் எடைக்கும் மைலேஜுக்குமாக ஒவ்வொரு கிராமும் செதுக்கப்பட்டிருக்கிறது. அந்த 700-உம் பெரும்பாலும் நேர்கோட்டில் ஓடும் டிராக் (drag) ரேஸில் சில நொடிக் கணக்கு என்பதை மறந்துவிடாதீர்கள்.

ரேஸ் என்றதும் சோழவரம் ஞாபகம் வருகிறது. இருங்காட்டுக்கோட்டை ரேஸ் மைதானம் வருவதற்கு முன்பு பழைய விமான ஓடுதளத்தில்தான் ரேஸ். சின்ன வயதில் அப்பா சைக்கிளில் வைத்துக் கூட்டிப்போனார். ஓடிய வண்டிகளைவிட, ஓரமாக எஞ்சினைப் பிரித்துப்போட்டு உட்கார்ந்திருந்தவர்களைத்தான் அதிகம் பார்த்தேன்.

கேள்வி (மாதவரம்): ஹோண்டா சிட்டி, டர்போ இல்லை. ஃபில்டர், எக்ஸாஸ்ட், ரீமேப் மூன்றும் செய்தால்?

ஐந்து, ஆறு பிஎஸ் வரும். சத்தம் இருபது பிஎஸ்ஸுக்கு வரும். கட்-ஆஃப் ஆர்பிஎம்மை (எஞ்சின் சுற்றும் வேகத்தின் எல்லை) மட்டும் ஏற்றச் சொல்லாதீர்கள்: 6500-இலிருந்து 7500-க்குப் போனால் கனெக்டிங் ராடை இழுக்கும் விசை மூன்றில் ஒரு பங்கு கூடும்.

கேள்வி (திருவொற்றியூர்): தாத்தாவின் மாருதி 800-க்கு டர்போ?

தாத்தா இருந்தால் அவரிடம் கேளுங்கள்.

கேள்வி (கொளத்தூர்): டீசலுக்கு வயரில் செருகும் டியூனிங் பாக்ஸ், கழற்றினால் பழையபடி ஆகிவிடும் என்கிறார்கள். ரீமேப்பைவிடப் பாதுகாப்புதானே?

இல்லை. பெரும்பாலான பாக்ஸ் செய்வது ஒரே வேலை: ரெயில் பிரஷர் (இன்ஜெக்டருக்குப் போகும் டீசலின் அழுத்தம்) குறைவு என்று ஈசியூவிடம் பொய் சொல்வது. ஈசியூ அதை நம்பி அழுத்தத்தை ஏற்றும். உண்மை அழுத்தம் ஈசியூவுக்கே தெரியாது என்றால், ஆபத்து வரும்போது அது எதைப் பார்த்துக் குறைக்கும்? இன்சூரன்ஸ், வாரண்டி பற்றியும் கேட்டிருந்தீர்கள். பாக்ஸோ ரீமேப்போ, சொல்லாமல் செய்தால் கிளெய்ம் நேரத்தில் கேள்வி வரும். எஞ்சினையே மாற்றுவதாக இருந்தால் மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவு இருக்கிறது, ஆர்டிஓ அனுமதி இல்லாமல் தொடக்கூடாது.

கேள்வி (எர்ணாவூர்): அண்ணே, டர்போ பெட்ரோல், ஆறு மாதம் முன்பு ரீமேப் செய்தேன். நன்றாகத்தான் ஓடுகிறது. நேற்று பிளக் கழற்றினேன், மூன்றில் ஒன்றில் மட்டும் வெள்ளைப் பீங்கான் மேல் மிளகுத் தூள் மாதிரி புள்ளிகள். துடைத்துப் போட்டுவிடலாமா?

துடைக்காதீர்கள். வெயிலில் திருப்பிப் பாருங்கள். கறுப்பாகவே இருந்தால் கரி, பயமில்லை. சின்னச் சின்னதாக வெள்ளி மாதிரி மின்னினால் அது உங்கள் பிஸ்டனிலிருந்து வந்த அலுமினியம். மின்னுகிறது என்றால் வண்டியை ஸ்டார்ட் செய்ய வேண்டாம், கட்டி இழுத்து வாருங்கள். அந்த பிளக்கை எந்த சிலிண்டரில் இருந்து எடுத்தீர்கள் என்று குறித்துவையுங்கள், பழைய மேப் ஃபைல் கையில் இருந்தால் அதையும் எடுத்து வாருங்கள். ஒன்பது மணிக்குக் கடை திறந்துவிடுவேன்.