‘தி பெங்குயின்’ தொடரில் விக்டரைக் கொன்றது தேவைதானா? ஓஸ் அவனிடம் காட்டிய பாசம் எல்லாம் நடிப்பா?

நேற்றோ முந்தாநாளோ கடைசி எபிசோடைப் பார்த்து முடித்திருப்பீர்கள், ராத்திரி தூக்கம் வந்திருக்காது, அந்தக் கோபத்தில்தான் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். எனக்கும் அப்படித்தான் இருந்தது. இங்கே ஏற்கெனவே வந்திருக்கும் பதில்கள் எல்லாம் “வில்லன் கதைதானே, அவன் முதலிலிருந்தே நடித்தான்” என்கின்றன. அவன் நடிக்கவில்லை. அதைச் சொல்லத்தான் வந்தேன். தொடரைப் பார்க்காதவர்கள் இதற்கு மேல் படிக்க வேண்டாம், கதை முழுக்க வரும்.

நான் காமிக்ஸ் படித்தவன் இல்லை. பெங்குயின் என்கிற இந்த ஓஸ் 1941லேயே பேட்மேன் காமிக்ஸில் வந்த வில்லன் பாத்திரம், அங்கே அவன் வேறு மாதிரி என்று யாராவது வந்தால் நான் சண்டைக்கு வரமாட்டேன். 2024இல் எட்டு எபிசோடாக வந்த தொடரைப் பற்றி மட்டும் பேசுகிறேன். அதில் ஒரு விஷயத்தில் பேச எனக்கு உரிமை உண்டு. ஓஸ் தன் கூட வைத்துக்கொள்ளும் பையன் விக்டரைப் போலவே நானும் திக்கிப் பேசுகிறவன். ஆறு வயதிலிருந்து.

மூன்றாவது எபிசோடில் ஓஸ் அந்தப் பையனைப் பெரிய ரெஸ்டாரண்டுக்குக் கூட்டிக்கொண்டு போவானே, ஞாபகம் இருக்கிறதா? விக்டர் என்ன வேண்டும் என்று சொல்ல ஆரம்பித்து வார்த்தை வராமல் நிற்கிறான், வெயிட்டர் அவசரப்பட்டு அவனுக்காகத் தானே முடித்துவைக்கப் பார்க்கிறான். ஓஸ் விடமாட்டான். அவன் சொல்லி முடிக்கும் வரை வெயிட்டரை நிற்க வைப்பான். கார் சக்கரத்தைத் திருட வந்து மாட்டிக்கொண்ட பையன், வெள்ளத்தில் குடும்பத்தையே பறிகொடுத்தவன், அவனுக்காக ஒரு ஆள் இன்னொரு ஆளைக் காத்திருக்க வைக்கிறான். திக்காதவர்களுக்கு இது சின்னக் காட்சி. எங்களுக்கு அப்படி ஒரு ஆள் வாழ்க்கையில் ஒரு தடவை வந்தாலே பெரிது.

எனக்கு வந்தார். நான் ரங்கூனில் (இப்போது யாங்கோன்) பிறந்து வளர்ந்தவன். 2016இல் பயின்னௌங் சந்தையில் ஒரு பருப்பு வியாபாரியின் ஆபீஸில் சேர்ந்தேன். இங்கிருந்து இந்தியாவுக்குப் போகும் உளுந்து, துவரை எல்லாம் விலை பேசப்படும் இடம் அது, நாள் முழுக்கப் போன்தான். உளுந்துக்கு இங்கே பர்மியப் பேர் மட்பே. அந்த ‘ம’ எனக்கு வராது. உதடு ஒட்டிக்கொள்ளும், கழுத்து இறுகும், அதற்குள் அந்தப் பக்கம் போனை வைத்துவிடுவார்கள்.

சேர்ந்து இரண்டு மாதம் இருக்கும், மேல் பர்மாவிலிருந்து ஒரு பெரிய வியாபாரி வந்து உட்கார்ந்திருந்தார். முதலாளி என்னைப் பார்த்து “தம்பி, இன்னைக்கு விலையைச் சொல்லு” என்றார். நான் ஆரம்பித்தேன், நின்றது. வந்தவர் சிரித்துக்கொண்டே தானே ஒரு விலையைச் சொல்லி “இதுதானே?” என்றார். முதலாளி கையிலிருந்த டீக் கிளாஸை மேசையில் வைத்துவிட்டு “அவன் சொல்லி முடிக்கட்டும். நமக்கு என்ன ரயிலா போகுது?” என்றார். சிரிக்காமல் சொன்னார். ஃபேன் சத்தம் மட்டும் கேட்டது. அரை நிமிஷத்துக்கு மேல் ஆகியிருக்கும், நான் விலையைச் சொல்லி முடித்தேன், அந்தப் பெரிய வியாபாரி அதுவரை வாயைத் திறக்கவில்லை. அன்று வீட்டுக்கு நடந்தே போனேன், பஸ் ஏறத் தோன்றவில்லை.

ஐந்து வருஷம் அவரிடம் இருந்தேன். 2021 பிப்ரவரியில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது, பாங்க்குகள் மூடிக் கிடந்தன, வியாபாரம் நின்றது. சில மாதம் கழித்து முதலாளி என்னைக் கூப்பிட்டு, பாக்கி வைத்திருக்கும் கடைக்காரர்களிடம் எல்லாம் நீயே போய்ப் பேசு, உன் பேச்சுக்கு மரியாதை இருக்கிறது என்றார். உண்மைதான், இருந்தது. மூன்று வாரம் கடை கடையாக ஏறி, ஒவ்வொருவரிடமும் திக்கித் திக்கிப் பேசி வசூலித்துக் கொண்டுவந்து கொடுத்தேன். கடைசி நாள் ராத்திரி அவர் வீட்டில் சாப்பாடு, அவரே பக்கத்தில் உட்கார்ந்து மீன் குழம்பு ஊற்றினார். மறுநாள் காலையில் ஆபீஸ் பூட்டிக் கிடந்தது, போன் அணைந்திருந்தது. குடும்பத்தோடு வெளிநாடு போய்விட்டார். எனக்கு ஐந்து மாதச் சம்பளம் பாக்கி. அவர் பெயரைச் சொல்லமாட்டேன், கமெண்டில் கேட்க வேண்டாம்.

இப்போது கடைசி எபிசோடுக்கு வாருங்கள். மற்றக் கும்பல்களின் இரண்டாம் மட்டத்து ஆட்களைப் பேசிப் பேசி ஓஸ் பக்கம் இழுத்ததே விக்டர்தான். எத்தனை பேர் இதைக் கவனித்தீர்கள்? வாய் வராத பையன் பேசித்தான் ஓஸுக்கு ஊரே கிடைத்தது. அதற்கு அப்புறம்தான் ஆற்றங்கரை பெஞ்சு. விக்டர் நீங்கள் எனக்குக் குடும்பம் மாதிரி என்கிறான், ஓஸ் கழுத்தை நெரிக்கிறான். பர்ஸிலிருந்த பணத்தை எடுத்துக்கொண்டு அடையாள அட்டையைத் தண்ணீரில் வீசுகிறான்.

எங்கள் தெருவில் கரண்ட் முறை வைத்துத்தான் வரும். இந்த எபிசோடைப் பார்த்த அன்று, அவர்கள் பெஞ்சில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போய்விட்டது. இருவரும் ஜெயித்துவிட்டார்கள், பையனுக்கு நல்ல காலம் என்று சந்தோஷமாகப் படுத்துவிட்டேன். விடிகாலை நாலு மணிக்குக் கரண்ட் வந்ததும் எழுந்து மீதியைப் போட்டேன். அப்புறம் தூங்கவில்லை.

உங்கள் கேள்விக்கு என் பதில் இதுதான். கதைக்கு அந்தக் கொலை தேவை. தன் அம்மாவை வைத்து எதிரி சோபியா தன்னை எப்படி மடக்கினாள் என்று ஓஸ் பார்த்துவிட்டான், பாசம் வைத்த ஆள் பக்கத்தில் இருந்தால் அது தனக்குப் பலவீனம் என்று முடிவு செய்துவிட்டான். பாசமே இல்லையென்றால் கொல்ல வேண்டிய அவசியமே வந்திருக்காது, சம்பளம் கொடுத்து வைத்துக்கொண்டிருப்பான். ஆகவே ரெஸ்டாரண்டில் நடந்ததும் நிஜம், பெஞ்சில் நடந்ததும் நிஜம், இரண்டும் ஒரே ஆள். நடிப்பு என்று சொல்லிவிட்டால் பார்க்கிறவர்களுக்கு நிம்மதி, அவ்வளவுதான். என் முதலாளி டீக் கிளாஸைக் கீழே வைத்தது நடிப்பு என்று என்னிடம் யாரும் சொல்ல முடியாது, நான் அந்த மேசைக்கு இந்தப் பக்கம் நின்றவன். ‘அப்போ அந்த ஆளுக்கு வக்காலத்து வாங்குகிறாயா’ என்று கேட்பீர்கள். இல்லை. ஐந்து மாதச் சம்பளம் இன்றைக்கும் பாக்கிதான்.

விக்டராக நடித்த ரென்சி ஃபெலிஸ் பற்றியும் சொல்ல வேண்டும். திக்கிப் பேசும் ஒருவரையே பயிற்சிக்கு வைத்துக்கொண்டு செய்திருக்கிறார், அது தெரிகிறது. வார்த்தை வராதபோது கண்ணை ஒரு பக்கம் திருப்புவார், அது நான் கண்ணாடியில் பார்க்கும் கண். 2025இல் அமெரிக்க டிவி விருதான எம்மியில் தொடருக்கு 24 பரிந்துரை, சோபியாவாக வந்த கிறிஸ்டின் மிலியோட்டி விருது வாங்கினார், நியாயம்தான், ஆனால் அந்த 24இல் இந்தப் பையன் இல்லை. நம் படங்களிலோ திக்குவாய் என்றால் இன்னும் காமெடிதான். பள்ளிக்கூடத்தில் என்னைப் பார்த்து யாரும் சொந்தமாகக் கிண்டல் செய்ததில்லை, எல்லாம் கேசட்டில் பார்த்த தமிழ்ப் பட வசனம்.

இதோடு இன்னொன்று. நான் இங்கே எதை எழுதினாலும் கீழே வந்து “பர்மாவில் தமிழா, அந்த அத்தோ நூடுல்ஸ் எப்படிச் செய்வது?” என்று கேட்கிறீர்கள். நாலு தலைமுறையாக இங்கே இருக்கிறோம். 1960களில் பள்ளிக்கூடங்களை அரசாங்கம் எடுத்துக்கொண்ட பிறகும் சாயங்காலம் கோயில் மண்டபத்தில் உட்கார்ந்து எழுத்துக் கூட்டிப் படித்த தமிழ் இது. தொடரைப் பற்றி எழுதினால் தொடரைப் பற்றிப் பேசுங்கள்.

அக்கா மகனுக்கு எட்டு வயது, அவனுக்கும் என்னைப் போலவே. தொடர் அவன் பார்க்கக் கூடியது இல்லை, தெரியும், யாரும் திட்ட வேண்டாம். அந்த ரெஸ்டாரண்ட் காட்சியை மட்டும் போனில் வைத்திருக்கிறேன், போன மாதம் அதை மட்டும் போட்டுக் காட்டினேன். இரண்டு தடவை பார்த்தான். “மா... மாமா, அந்த அண்ணன் கேட்ட சாப்பாடு வந்துச்சா?” என்றான்.

வந்துச்சு என்றேன். போனை வாங்கி வைத்துக்கொண்டேன்.